நீலிக்கு முன்பு என்ன பெயர்?

எமது சஞ்சிகைக்கு இம்முறை ஒன்பது திரைப்பட விமர்சனங்கள் வந்தன. அவற்றில் ஆறு பேய்ப் படங்களைப் பற்றியவை. அந்த ஆறையும் நான் திருப்பிக் கொடுத்துவிட்டேன். "டீச்சருக்குப் பேயென்றால் பயம்" என்று தரம் 12 கலைப்பிரிவில் ஒரு கதை உலவுவதாகப் பிறகு கேள்விப்பட்டேன். பயம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் திருப்பிக் கொடுத்த காரணம் அதுவல்ல.

ஆறும் ஒரே அச்சில் வார்த்தவை போல இருந்தன. கதையை முதலிலிருந்து கடைசிவரை ஒப்புவித்து, இடைவேளைக்குப் பிறகு விறுவிறுப்பு என்று ஒரு வரி, பின்னணி இசை அபாரம் என்று ஒரு வரி, முடிவில் "ஒருமுறை பார்க்கலாம்". அந்தப் பேய் யார், உயிரோடு இருந்தபோது அவளுக்கு என்ன நடந்தது என்று ஒருத்தியும் கேட்கவில்லை. அவளுக்கு என்றுதான் எழுதுகிறேன். ஆறில் ஐந்து படங்களில் பேய் ஒரு பெண்.

இதற்கிடையில் ஒரு மாணவியின் உம்மா என்னைத் தேடி வந்தார். "டீச்சர், பேய்ப் படத்தப் பத்தியெல்லாம் புள்ளைகள் எழுதத்தான் வேணுமா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இறந்தவரின் ரூஹு திரும்பி வந்து வீடு வீடாக அலையும் என்பது எங்கள் நம்பிக்கையில் இல்லை. ஜின் என்பது வேறு விடயம். அதைக் கதைக்குள் இழுத்து விளையாடும்படி நான் பிள்ளைகளுக்குச் சொல்லப் போவதுமில்லை. நான் பேசுவது கதையில் வரும் பேயைப் பற்றி. அதை நம்ப வேண்டியதில்லை, வாசித்தால் போதும். அந்த உம்மாவுக்கு நின்ற நிலையில் சொல்ல முடியாமற் போனதையும், ஆறு மாணவிகளுக்குச் சொல்ல வேண்டியதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நாம் அன்றாடம் சொல்லும் ஒரு சொல்லிலிருந்து தொடங்கலாம். போன தவணையில் வகுப்பில் ஒரு பிள்ளை அழுதபோது பக்கத்தில் இருந்தவள், "நீலிக் கண்ணீர் வடிக்காத" என்றாள். நீலி யார் என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. "பொய்யா அழுறவ" என்று மட்டும் பதில் வந்தது.

நீலி, தமிழ்நாட்டில் திருவாலங்காட்டுக்கு அருகிலுள்ள பழையனூரின் பேய். கதைக்குப் பல பாடங்கள் உண்டு. பரவலாகச் சொல்லப்படுவது இது: கணவன் ஒருவன் தன் மனைவியை வழியில் கொன்றுவிடுகிறான். மறுபிறப்பில் அவன் வணிகனாகிறான். அவள் பழிவாங்கக் காத்திருக்கும் பேயாகிறாள். அவனிடம் மந்திர வாள் ஒன்று இருப்பதால் நெருங்க முடியவில்லை. ஆகவே, கள்ளிக் கொப்பு ஒன்றைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பழையனூர்ச் சபையில் போய் அழுகிறாள். "இவர் என் புருசன், என்னைக் கைவிட்டுவிட்டார்" என்கிறாள். சபையிலிருந்த எழுபது வேளாளரும் அவள் கண்ணீரை நம்பி, வாளைக் கொடுத்துவிட்டு அவளோடு இரு, உன் உயிருக்கு நாங்கள் பிணை என்று அவனுக்கு வாக்களிக்கிறார்கள். விடிந்தபோது அவன் பிணம். கொடுத்த வாக்குக்காக எழுபது பேரும் தீயில் இறங்கி உயிரை விட்டார்கள்.

எழுபது பேரின் சத்தியத்தைப் போற்றினார்கள். நீலியின் அழுகையைப் பழமொழி ஆக்கினார்கள். அவள் ஏன் பேயானாள் என்பது மட்டும் எங்கோ நழுவிவிட்டது. அவள் கணவன்மேல் சொன்ன குற்றம் முழுப் பொய்யுமல்ல. அவன் அவளைக் கைவிட்டதற்கும் மேலான ஒன்றைச் செய்தவன். அதைச் சொல்ல அவளுக்கு எந்தச் சபையும் முன்பு கிடைக்கவில்லை.

இந்த அநியாயத்தைப் பழைய தமிழ்ப் புலவர் ஒருவர் கண்டிருக்க வேண்டும். ஐஞ்சிறு காப்பியங்களில் ஒன்றான நீலகேசியை இயற்றியவர் அவர். பெயர் தெரியாத அந்தச் சமணப் புலவர் பழையனூர் நீலியையே எடுத்துத் தன் தலைவியாக்கினார். முனிச்சந்திரர் என்ற முனிவரைப் பயமுறுத்தப் போகிறாள் நீலி. அவர் பயப்படவில்லை; அவரிடமே கல்வி கற்கிறாள். பிறகு ஊர் ஊராகப் போய்ப் பெரும் பெரும் ஆசிரியர்களோடு வாதிட்டு வெல்கிறாள். பரீட்சைக்காக ஐஞ்சிறு காப்பியங்களின் பெயர்களை மனனம் செய்கிறோமே, அதில் ஒன்று ஒரு பேயின் கல்வி வரலாறு என்பதை எனக்குப் பாடசாலையில் யாரும் சொல்லித் தரவில்லை.

இனி, நவீன காலத்துக்கு வருவோம். பேய்க்கதை என்றாலே மட்டம் என்று நினைப்பவர்கள் புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'யை வாசிக்க வேண்டும். 1943இல் வந்த சிறுகதை. மேரி ஷெல்லியின் பிராங்கன்ஸ்டைன் கதையைத் தமிழில் 'பிரேத மனிதன்' என்று தந்தவரும் அவர்தான். காஞ்சனையில் கதை சொல்பவன் ஓர் எழுத்தாளன். இரவில் தூக்கம் வராதவன். நள்ளிரவில் வீட்டுக்குள் இனம் தெரியாத வாசனை வருகிறது. பகலில் ஒரு பிச்சைக்காரப் பெண் வருகிறாள். அவள் கால் நிலத்தில் பாவவில்லை என்று அவனுக்குத் தோன்றுகிறது. மனைவியோ இரக்கப்பட்டு அவளை வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்கிறாள். அவள் பேயா, அல்லது தூக்கம் கெட்ட ஒருவனின் கற்பனையா? கடைசிவரை நிச்சயமாகச் சொல்ல முடியாது. பிரான்சில் வாழ்ந்த தொதொரோவ் என்ற திறனாய்வாளர் 1970இல் எழுதிய நூலில், இத்தகைய கதைகளின் உயிரே அந்தத் தயக்கத்தில்தான் இருக்கிறது என்றார். பேய்தான் என்று உறுதியானாலும் சரி, மனப்பிரமைதான் என்று உறுதியானாலும் சரி, தயக்கம் தீர்ந்துவிடும். புதுமைப்பித்தன் அதை இருபத்தேழு வருடங்களுக்கு முன்பே செய்து காட்டிவிட்டார்.

பிறகு வந்த எழுத்தாளர்களும் இந்தத் தயக்கத்தை வைத்தே பிழைத்தார்கள் என்று சொன்னால் கோபிக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' பேயையும் ஹோலோகிராம் என்ற ஒளிவித்தையையும் எதிரெதிரே நிறுத்தியது. 2024 நவம்பரில் காலமான இந்திரா சௌந்தர்ராஜனின் 'விடாது கருப்பு', நாகாவின் இயக்கத்தில் மர்மதேசம் தொடராகத் தொலைக்காட்சியில் வந்தபோது, காவல் தெய்வத்தின் தண்டனையா மனிதனின் வேலையா என்று வாராவாரம் இழுத்தடித்தது.

சினிமாவில் இதே முடிச்சின் மிகப் பெரிய வெற்றி 1993இல் வந்த மலையாளப் படமான 'மணிச்சித்திரத்தாழ்'. அது கன்னடம் வழியாகச் சுற்றிக்கொண்டு 2005இல் தமிழில் 'சந்திரமுகி' ஆனது. கங்காவுக்கு வந்திருப்பது மனநோய், பேயல்ல என்று மருத்துவர் விளக்குவதைக் கேட்டு நாமும் நிம்மதியாக வீட்டுக்குப் போனோம். ஆனால் யோசித்துப் பாருங்கள். கங்கா குணமாகிவிட்டாள், சந்திரமுகிக்கு என்ன கிடைத்தது? காதலனை இழந்து, ஓர் அரசனால் எரித்துக் கொல்லப்பட்ட நடனக்காரி அவள். அவளுக்காக எரிக்கப்பட்டது ஒரு பொம்மை. என் மாணவிகளின் விமர்சனத்தில் நான் தேடியது இந்த இடத்தைத்தான்.

2011 ஜூலையில் ராகவா லாரன்ஸின் 'காஞ்சனா' வந்தது. நிலத்துக்காகக் கொல்லப்பட்ட ஒரு திருநங்கை அதில் பேயாக வருகிறார். சரத்குமார் நடித்த அந்தப் பகுதிதான் படத்தின் நெஞ்சு, மற்றதெல்லாம் கூச்சல். படம் வந்து ஒரு மாதம் ஆகுமுன் எங்கள் கரையோரத்துக்கு வேறொரு பேய் வந்தது. அதற்குத் திரையும் இல்லை, இயக்குநரும் இல்லை.

கிறீஸ் பூதம். இன்றைய மாணவிகளுக்குப் பெயர் மட்டும் தெரிந்திருக்கலாம். 2011 ஓகஸ்ட், நோன்பு மாதம். உடம்பெல்லாம் கிறீஸ் பூசிய மர்ம மனிதன் பெண்களைத் தாக்கிவிட்டு மதில் பாய்ந்து மறைகிறான் என்ற செய்தி கிழக்கின் ஊர்களெல்லாம் பரவியது. மலையகத்திலும் அப்படியே. புத்தளத்தில் அந்தக் கலவரத்தில் ஒரு பொலிஸ்காரரின் உயிரே போனது. பிடித்தால் வழுக்குவதற்காகக் கள்வர்கள் எண்ணெய் பூசிக்கொள்வார்கள் என்பது பழைய கதை. அந்தப் பழைய கதைக்குப் புது உடம்பு கிடைத்துவிட்டது.

நான் அப்போது தரம் 11. டிசம்பரில் சாதாரண தரப் பரீட்சை. எங்கள் வீதியில் ஒரு வீட்டில் பெண்கள் கூடித் தறாவீஹ் தொழுவது வழக்கம், அது நின்றது. மஃரிபுக்குப் பிறகு கொல்லைப்புறத்துக்குப் போவதற்குக்கூட இரண்டு பேர் துணை. அடுத்த ஊரில் கண்டார்களாம், அடுத்த வீதியில் கண்டார்களாம். எங்கள் வீதியில் கண்டவர் ஒருவருமில்லை. வந்தது யார், வந்ததா என்பதற்கு எங்களுக்கு இன்றுவரை விடை இல்லை. பெண்கள் சிலர் உண்மையிலேயே தாக்கப்பட்டதாகச் சொன்னார்கள். அவர்களை நான் பொய்யர்கள் என்று சொல்ல மாட்டேன். நான் சொல்வது அந்தப் பயத்துக்கு யார் செலவு கொடுத்தார்கள் என்பதைத்தான். தம்பியின் மாலை வகுப்பு ஒரு கிழமையில் மறுபடி தொடங்கியது. என்னுடைய கணித வகுப்பு தொடங்கவேயில்லை. "உசிரோட இருந்தாப் போதும் மகள், படிப்பப் பொறகு பாக்கலாம்" என்றார் உம்மா. பெருநாள் முடிந்தும், பூதத்தைப் பற்றிய பேச்சே அடங்கியும், வகுப்பு மட்டும் திரும்பி வரவில்லை. கணிதத்தில் சாதாரண சித்தி கிடைத்தது. கலைப்பிரிவுக்கு வந்து தமிழாசிரியை ஆனது அதனால்தானா என்று கேட்டால், தொதொரோவின் தயக்கம்தான் பதில்.

என்னைத் தேடி வந்த உம்மாவுக்கு இதைத்தான் சொல்ல நினைத்தேன். கதைப் புத்தகம், நான் கதை என்று முகத்தில் எழுதிக்கொண்டு வருகிறது. படித்து முடித்ததும் மூடிவைக்கலாம். அது எந்தப் பிள்ளையின் வகுப்பையும் நிறுத்தியதில்லை. செய்தி என்று சொல்லிக்கொண்டு வரும் பேய்தான் நிறுத்தியது. இன்று அது வட்ஸ்அப்பில் குரல்பதிவாக வருகிறது, "உண்மைச் சம்பவம்" என்ற தலைப்போடு யூடியூபில் வருகிறது. நல்ல பேய்க்கதைகளை வாசித்துப் பழகிய பிள்ளை, கால் நிலத்தில் பாவவில்லை என்று சொல்கிறவர் யார், அவர் தூங்கி எத்தனை நாள் என்று கேட்கப் பழகியிருப்பாள்.

இனி ஆறு பேருக்கும். கதையை முழுதாகச் சொல்லாதீர்கள். கார்த்திக் சுப்புராஜின் 'பீட்சா' (2012) போன்ற படத்தின் முடிச்சை அவிழ்த்துச் சொன்னால், பார்க்கப் போகிறவரின் சட்டைப்பையில் கைவிட்ட மாதிரி. முதல் அரைமணி நேரத்துக் கதை போதும். மிச்ச இடத்தில் பேயை விசாரியுங்கள்.

உதாரணத்துக்கு 2024 மே மாதம் வந்த 'அரண்மனை 4'. அசாமிய நாட்டார் கதைகளில் வரும் 'பாக்' என்ற, உருமாறும் ஆவி இதில் வில்லன். தமன்னாவின் செல்வி, பிள்ளைகளைக் காக்கப் போராடும் தாய்; செத்தும் அந்தக் காவலை விடாதவள். அரண்மனை வரிசையில் பேய் பழிவாங்குவதை விட்டுக் காவலுக்கு நிற்பது நல்ல மாற்றம். செல்வி தனியாக அந்த ஆவியை எதிர்கொள்ளும் காட்சிகளில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் நகைச்சுவைக்கென்று ஒரு கூட்டத்தை வீட்டுக்குள் ஓடவிட்டு அந்தப் பயத்தைக் கரைத்துவிடுகிறார் சுந்தர் சி. போதாக்குறைக்கு, அவ்வளவு நேரம் தாயாக நின்ற நடிகையை முடிவில் ஆட்டப்பாட்டு ஒன்றுக்கு இறக்கிவிடுகிறார்கள். படத்தயாரிப்பாளருக்கே தன் பேய்மேல் நம்பிக்கை இல்லை போலும்.

இதற்கு எதிர்ப்பக்கம், 2025 ஓகஸ்டில் வந்த மலையாளப் படமான 'லோகா: சாப்டர் 1 சந்திரா'. டொமினிக் அருண் இயக்கியது. கல்யாணி பிரியதர்ஷனின் சந்திரா, பெங்களூரில் தனியாக வந்து குடியேறும் அமைதியான பெண். அவள் வேறு யாருமல்ல, கேரளத்துப் பாட்டிமார் கதைகளில் ஆண்களின் இரத்தத்தைக் குடிக்கும் கள்ளியங்காட்டு நீலி. வாய்வழிக் கதையில் அவளும் கணவனால் கொல்லப்பட்டவள். பழையனூர் நீலிக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று சொல்லலாம். படம் அவளுடைய சிறுபராயத்தைப் புதிதாக எழுதி, அவளது குலத்தார்மேல் ஓர் அரசன் ஏவிய கொடுமையிலிருந்து கதையைத் தொடங்குகிறது. இரண்டாம் பாதியில் அடிதடி அதிகம்தான். அடுத்த பாகத்துக்கான விளம்பரம் போலச் சில காட்சிகள் ஓடுகின்றன. ஆனாலும் நீலியைக் கண்டு பயந்த கதையை, நீலியின் பக்கம் நின்று சொல்ல ஒருவர் துணிந்திருக்கிறார். நீலகேசி ஆசிரியர் கல்வியைக் கொடுத்தார். இவர்கள் பலத்தைக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கென்னவோ முதலாவதுதான் பிடித்திருக்கிறது. ஆசிரியைப் புத்தி.

திருப்பிக் கொடுத்த ஆறில் நான்கு திருத்தப்பட்டு வந்துவிட்டன. இந்த இதழிலேயே அவற்றைக் காணலாம். ஐந்தாமவள் காஞ்சனையைப் பற்றி எழுதுவதாகச் சொல்லி நூலகத்திலிருந்து புதுமைப்பித்தன் தொகுதியை எடுத்துப் போனாள்; இரண்டு கிழமையாகப் புத்தகமும் வரவில்லை, கட்டுரையும் வரவில்லை.

ஆறாமவள், வகுப்பில் "நீலிக் கண்ணீர்" என்று சொன்னவளேதான், போன வியாழக்கிழமை ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். "டீச்சர், நீலிங்கிறது பேயானதுக்குப் பொறகு வச்ச பேர்தானே? கொல்லப்படுறதுக்கு முந்தி அவட பேர் என்ன?" என்று கேட்டாள்.

எனக்கு உடனே சொல்ல வரவில்லை. அன்றிரவு தேடிப் பார்த்தேன். ஒரு பாடத்தில் அவள் பெயர் நவஞானி. மறுநாள் வெள்ளி, விடுமுறை. ஞாயிறு காலை அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன். கொப்பியை எடுத்து, தன் கட்டுரையின் தலைப்பை வெட்டிவிட்டு, அந்தப் பெயரை எழுதினாள்.