“தோள்தான் வலிக்குது, அண்ணி!”

கீழே விழுந்து எழுந்ததும் அவள் முதலில் தேடியது செருப்பைத்தான். அப்புறம் புடவையைத் தட்டிக்கொண்டு, “எனக்கு ஒண்ணுமில்லே அண்ணி, உங்களுக்குத்தான் முழங்கையிலே ரத்தம்” என்றாள்.

அவள் என் சின்ன நாத்தனார். மாமல்லபுரத்தில் வாழ்க்கைப்பட்டவள். நான் செங்கற்பட்டிலிருந்து இரண்டு நாள் தங்கிவிட்டு வரலாமென்று போயிருந்தேன். ஆடி வெள்ளியாச்சே என்று அவள் ஸ்கூட்டரிலேயே இருவரும் திருக்கழுக்குன்றம் கோவிலுக்குக் கிளம்பினோம். ஊரைத் தாண்டியதும் குறுக்கே ஒரு நாய். வண்டி சாய்ந்தபோது ஹேண்டில் திரும்பி, அவளுடைய இடது விலாவுக்குக் கீழே ஒரு குத்து விட்டது. அதை நானும் பார்த்தேன். பெரிதாக நினைக்கவில்லை.

இளநீர்க்காரர் ஓடி வந்து தூக்கிவிட்டார். ஒருத்தர் மட்டும், “போலீஸ் கேஸ் ஆயிடும்மா, சீக்கிரம் கிளம்புங்க” என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். நாங்களும் கிளம்பினோம். வழியில் ஒரு கிளினிக். என் முழங்கைக்கும் அவள் முழங்காலுக்கும் கட்டுப் போட்டு, ஆளுக்கொரு ஊசியும் போட்டு அனுப்பினார்கள். வயிற்றை யாரும் தொட்டுப் பார்க்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நான் செய்த கைங்கரியத்தைக் கேளுங்கள். பயந்திருப்பாளே என்று சூடாகக் காப்பி கொடுத்தேன். காலையில் சாப்பிடவில்லையே என்று இரண்டு இட்லியும் ஊட்டினேன். கொஞ்ச நேரத்தில், “இடது தோள் வலிக்குது அண்ணி” என்றாள். விழுந்ததில் பிசகியிருக்கும் என்று தைலம் தேய்த்துவிட்டேன். தோளில் கீறல்கூட இல்லையே, ஏன் வலிக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஒரு மணி நேரம் போயிருக்கும். தாகம், தாகம் என்றாள். நெற்றியில் சில்லென்று வியர்வை. முகம் வெளுத்து, உதடு சாம்பல் பூத்தாற்போல் ஆகிவிட்டது. எழுந்து நின்றவள் அப்படியே சுவரில் சாய்ந்தாள். அவள் புருஷன் கார் எடுக்கிறேன் என்று ஓடினார். நல்லவேளை, பக்கத்து வீட்டுப் பெண் 108-க்குப் போன் செய்துவிட்டாள்.

ஆம்புலன்ஸில் வந்த பையனுக்கு இருபத்தைந்து வயது இருந்தால் அதிகம். நாடியைப் பிடித்தவுடனேயே அவன் முகம் மாறிவிட்டது. “கடைசியா எப்போ சாப்பிட்டாங்கம்மா?” என்று கேட்டான். நான் காப்பியையும் இட்லியையும் சொன்னேன். அவன் ஒன்றும் சொல்லாமல் எழுதிக்கொண்டான். அந்த மௌனம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

செங்கற்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். 1965-ல் தொடங்கிய கல்லூரி அது. சின்ன வயசிலிருந்து எனக்குத் தெரிந்த கட்டடம்தான். ஆனால் அவசரப் பிரிவு நான் அறிந்த பழைய மாதிரி இல்லை. இப்போது உயிருக்கு ஆபத்தானவர்கள் சிவப்பு, சற்றுப் பொறுக்கக்கூடியவர்கள் மஞ்சள், லேசான காயக்காரர்கள் பச்சை என்று வாசலிலேயே பிரிக்கிறார்கள். யார் முதலில் வந்தார் என்பது கணக்கில்லை. என் கட்டுப் போட்ட கை பச்சை. ஒரு சொட்டு ரத்தம் வெளியே வராத என் நாத்தனார் சிவப்பு!

வயிற்றின் மேல் ஸ்கேன் கருவியை வைத்து இரண்டு நிமிஷம் பார்த்தார் டாக்டரம்மா. “மண்ணீரல் கிழிஞ்சிருக்கு. உள்ளே ரத்தம் நிறைய தேங்கியிருக்கு. ஆபரேஷன் பண்ணணும்” என்றார். மண்ணீரல் இடது விலாவுக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. அது கசியும்போது ரத்தம் உதரவிதானத்தைப் போய்த் தொடும். அங்கிருந்து போகிற நரம்பும் தோளிலிருந்து போகிற நரம்பும் கழுத்தில் ஒரே இடத்தில் சேர்வதால், மூளை ஏமாந்துபோய்த் தோள் வலிப்பதாக நினைக்கிறதாம். நான் தைலம் தேய்த்தது அந்த வலிக்குத்தான்.

அப்புறம் இட்லி விஷயம். மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றிலிருப்பது மேலேறி மூச்சுக்குழாயில் இறங்கினால் அதுவே உயிரைக் குடிக்குமாம். சாதாரண ஆபரேஷன் என்றால் ஆறு, எட்டு மணி நேரம் பட்டினி போடுவார்கள். இவளுக்கு ஏது அந்த நேரம்? தனி ஜாக்கிரதையோடுதான் மயக்கம் கொடுத்தார்கள். விழுந்தவருக்கு உடனே சோடாவோ தண்ணீரோ காப்பியோ கொடுப்பது நம் ஊர் அன்பு. அந்த அன்பை டாக்டர் பார்க்கும்வரை அடக்கி வைக்க வேண்டும். தாகம் என்று கேட்டால் உதட்டை நனைத்துவிடலாம்.

உள்ளே கொண்டுபோகுமுன் ஒரு ஊசி போட்டார்கள். பெயரைக் கேட்டதும் எனக்கு ஆச்சரியம். டிரானெக்ஸாமிக் ஆசிட்! மாதவிலக்கில் அதிகம் போகிறதென்று நம்மில் பலர் சாப்பிட்டிருக்கிற அதே மருந்து. உறைந்த ரத்தம் கரைந்துவிடாமல் காப்பது அதன் வேலை. இதைக் கண்டுபிடித்தவர்கள் உடாகோ ஒகமோட்டோ என்ற ஜப்பானிய அம்மையாரும் அவர் கணவரும், 1962-ல் வெளியிட்டார்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் மகளை முதுகில் கட்டிக்கொண்டே ஆராய்ச்சி செய்தவர் அந்த அம்மாள். பிரசவத்தில் ரத்தம் போய்ச் சாகும் பெண்களைக் காப்பாற்றத்தான் அவருக்கு ஆசை. ஆனால் அப்போது பிரசவ டாக்டர்கள் யாரும் பரீட்சித்துப் பார்க்க முன்வரவில்லை. விபத்துக்காரர்களுக்கு இது உதவும் என்பதை 2010-ல், 40 நாடுகளில் 20,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் சோதித்து நிரூபித்தார்கள். பிரசவப் போக்குக்கும் உதவும் என்று 2017-ல் தெரிந்தது. அதற்கு முந்தின வருஷமே, 98 வயதில் அவர் காலமாகிவிட்டார். ஒரு முக்கியமான நிபந்தனை உண்டு: அடிபட்ட மூன்று மணி நேரத்துக்குள் போட வேண்டும். நாங்கள் கிளினிக்கிலும் வீட்டிலுமாக அதில் பாதிக்கு மேல் செலவழித்துவிட்டிருந்தோம்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கைகளைப் பிசைந்துகொண்டிருந்தேன். “ஃபேனைப் போடுங்க, வேர்க்குது” என்று ஆம்புலன்ஸில் நான் சொன்னதும், அந்தப் பையன் கேட்காமல் கம்பளியைப் போர்த்தியதும் நினைவுக்கு வந்தது. உடம்பு குளிர்ந்தால் ரத்தம் உறையும் சக்தி குறைந்துவிடுமாம். அதனால் ரத்தம் போகிறவரைப் போர்த்தித்தான் வைக்க வேண்டும். வெளிக்காயமாக இருந்தால் சுத்தமான துணியை மடித்து வைத்து அழுத்திப் பிடிக்க வேண்டும். நின்றுவிட்டதா என்று நிமிஷத்துக்கொரு தடவை எடுத்துப் பார்க்கக் கூடாது. காப்பிப்பொடியை அப்புகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள், அதைக் கழுவி எடுப்பதே பெரும்பாடு.

இன்னொன்றும் அங்கே தெரிந்துகொண்டேன். இளவயதுக்காரர் உடம்பு ரொம்ப நாழிகை சமாளித்துக் காட்டும். மொத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ரத்தம் போனபிறகுதான் பிரஷர் சட்டென்று இறங்கும். குழந்தைகள் இன்னும் மோசம், கடைசிவரை விளையாடிக்கொண்டே இருக்கும். சைக்கிள் ஹேண்டில் வயிற்றில் குத்தினால் தோலில் வட்டமாக ஒரு தடம் மட்டும் தெரியலாம். அதைப் பார்த்தாலே, அழுகை நின்றுவிட்டாலும், டாக்டரிடம் காட்டிவிடுங்கள். வயிற்று வலி, வாந்தி, முகம் வெளுப்பது, அடிபடாத தோளில் வலி, இதில் எதுவும் தாமதிக்கிற சமாசாரம் இல்லை. கர்ப்பிணி லேசாக விழுந்தாலும் அப்படித்தான்.

பணத்தைப் பற்றி அவள் புருஷன் கவலைப்பட்டார். நம் செங்கற்பட்டு மாவட்டத்து மேல்மருவத்தூரில்தான் 2021 டிசம்பர் 18-ஆம் தேதி ‘இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48’ திட்டத்தைத் தொடங்கினார்கள். சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிகளிலும் உண்டு. வெளி மாநிலத்தவருக்கும் பொருந்தும். போலீஸ் பயமும் வேண்டாம். அடிபட்டவரைக் கொண்டுவந்து சேர்ப்பவரைப் பெயர், விலாசம் சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டமே பாதுகாப்புக் கொடுக்கிறது. அவசர நிலையில் வந்தவரை எந்த டாக்டரும் திருப்பி அனுப்பக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட் 1989-லேயே சொல்லிவிட்டது.

இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு டாக்டரம்மா வெளியே வந்தார். மண்ணீரலை எடுத்துவிட்டார்களாம். “ரத்தக் கசிவு நின்னு, பிரஷர் நிலையா இருந்தா இப்பல்லாம் எடுக்காம படுக்க வெச்சுக் கவனிச்சே காப்பாத்திடறோம். இவங்களுக்கு அது முடியலை” என்றார். ஒன்றரை லிட்டர் ரத்தம் உள்ளே இருந்ததாம்.

மண்ணீரல் இல்லாதவர்களைச் சில கிருமிகள் சுலபமாகத் தாக்கும். அதனால் வீட்டுக்கு வரும்போது தடுப்பூசிச் சீட்டு ஒன்றையும் கொடுத்தனுப்பினார்கள்: நிமோனியாவுக்கு, மூளைக்காய்ச்சலுக்கு, இன்னும் ஒன்று. கைக்குழந்தைக்குப் போடுவதுபோல் தேதி குறித்திருந்தது. காய்ச்சல் என்றால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் அன்றே வரச் சொல்லியிருக்கிறார்கள்.

அந்தச் சீட்டு இப்போது அவள் வீட்டுக் காலண்டருக்குப் பக்கத்தில் தொங்குகிறது. போன மாதம் அவளைப் பார்க்கப் போனேன். தழும்பைக் காட்டிவிட்டு, “அண்ணி, அன்னிக்கு இட்லிக்குச் சட்னி நல்லா இருந்தது” என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.