கார் எப்போது நிற்கிறது?

பம்பாய்த் தெருக்களிலிருந்து பத்மினி டாக்சிகள் 2023 அக்டோபருடன் விடைபெற்றுவிட்டன. ஆனாலும் மாட்டுங்கா, செம்பூர், முலுண்டு பக்கம் நம்மவர்கள் குடியிருக்கும் கட்டடங்களின் கீழே, உறை போட்டு மூடிய பத்மினியோ பழைய மாருதி 800-ஓ அங்கங்கே இன்னும் நிற்கிறது. அப்பா வாங்கிய வண்டி, விற்க மனம் வரவில்லை என்பார்கள். 15 ஆண்டு முடிந்த சொந்த வண்டியைத் தகுதிச் சான்று பெற்று, 5 ஆண்டுக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பித்து ஓட்டலாம் என்பதால், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கோ கச்சேரிக்கோ வெளியே எடுக்கிறார்கள். இப்படிப்பட்டவர்கள் என்னிடம் அதிகமாகச் சொல்லும் குறை ஒன்றுதான்: "ஓடிக்கொண்டே இருக்கும்போது நின்றுவிடுகிறது, சார்."

"எப்போது நிற்கிறது?" என்று திருப்பிக் கேட்பேன். பெரும்பாலும் பதில் வராது. பதில் இல்லாமல் ஒர்க் ஷாப்புக்குப் போனால் என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரிந்ததுதான். கார்புரேட்டரைக் கழற்றி ஊதிவிட்டு, "கச்ரா ஆ கயா தா" என்பார்கள். அடுத்த முறை பிளக், அதற்கடுத்த முறை காயில், பிறகு பெட்ரோல் பம்ப். ஒவ்வொன்றும் புதிதாகிக்கொண்டே போகும். வண்டி நிற்பது மட்டும் நிற்காது. மெக்கானிக்கைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் கையில் வரும்போது வண்டி நன்றாக ஓடுகிறது. நின்ற நேரத்தில் கூடவே இருந்தவர் நீங்கள்தான்.

எஞ்சின் ஓடுவதற்குப் பெட்ரோலும் காற்றும் சரியான அளவில் கலந்து வர வேண்டும். சரியான நேரத்தில் பொறி விழ வேண்டும். நிற்கிறது என்றால் இவற்றில் ஏதோ ஒன்று வரவில்லை. எது வரவில்லை என்பதை, நிற்கும் விதமே பாதி சொல்லிவிடும். இருமுவது போல் இரண்டு மூன்று முறை இழுத்து, ஆக்ஸிலேட்டரை மிதித்தாலும் வேகம் எடுக்காமல் மெல்ல உயிர் விட்டால் பெட்ரோல் பக்கம் பாருங்கள். யாரோ சாவியைத் திருப்பி அணைத்தது போல் சட்டென்று நின்றால் மின்சாரப் பக்கம் பாருங்கள். எல்லா வண்டிக்கும் இது பொருந்தும் என்று சத்தியம் செய்யமாட்டேன். ஆனாலும் தேடத் தொடங்குவதற்கு இதைவிட நல்ல இடம் கிடையாது.

நம் ஊர்களில் அதிகம் வருவது சூட்டினால் நிற்கும் கோளாறு. காலையில் நன்றாகக் கிளம்பும். மே மாத வெயிலில், சயான் சர்க்கிள் நெரிசலில் அரை மணி ஊர்ந்தபின் நின்றுவிடும். எத்தனை முறை ஸ்டார்ட்டரை இழுத்தாலும் பிடிக்காது. இருபது நிமிஷம் கழித்து ஒன்றுமே நடக்காதது போல் ஓடும். இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும்.

முதல் காரணம், பெட்ரோல் ஆவியாவது. கார்புரேட்டர் காலத்து வண்டிகளில் பெட்ரோல் பம்ப் எஞ்சினை ஒட்டியே இருக்கிறது. வண்டி நகராமல் நிற்கும்போது காற்றோட்டம் இல்லாமல் பம்பும் குழாயும் சூடேறி, உள்ளே இருக்கும் பெட்ரோல் கொதித்து ஆவியாகிறது. திரவத்தைத் தள்ளத் தெரிந்த பம்புக்கு ஆவியைத் தள்ளத் தெரியாது. பத்மினி டிரைவர்கள் பம்பின் மேல் ஈரத்துணி சுற்றி வைத்தது இதற்காகத்தான்.

இரண்டாவது, இக்னிஷன் காயில் அல்லது டிஸ்ட்ரிப்யூட்டரில் உள்ள கண்டென்சர் சூட்டில் செயலிழப்பது. குளிர்ந்ததும் இவை மறுபடி வேலை செய்யும். ஆகவே ஒர்க் ஷாப்பில் சோதித்தால் பழுதே தெரியாது.

இரண்டையும் பிரித்தறிய, வண்டி நின்ற அந்த நிமிஷத்தில், அது குளிர்வதற்குள் பார்க்க வேண்டும். எங்கும் பெட்ரோல் கசியவில்லை என்பதை உறுதி செய்துகொண்டு, ஒரு பிளக்கின் ஒயரைக் கழற்றி, டிக்கியில் வைத்திருக்கும் வேறொரு பிளக்கை அதில் செருகுங்கள். அதன் உலோகப் பகுதி எஞ்சினின் இரும்பைத் தொடும்படி, ரப்பர் பிடி போட்ட இடுக்கியால் பிடித்துக்கொண்டு, இன்னொருவரை ஸ்டார்ட்டரை இழுக்கச் சொல்லுங்கள். 'டிக் டிக்' என்று நீல நிறப் பொறி பாய்ந்தால் மின்சாரத்தில் குறையில்லை. பொறி மஞ்சளாக, மெலிந்து இருந்தாலோ, வரவே இல்லையென்றாலோ காயில், கண்டென்சர், பாயிண்ட் இவற்றைப் பார்க்க வேண்டும். பாயிண்ட் முகங்கள் கருகி மேடு பள்ளமாக இருந்தால் கண்டென்சர் மேல் என் சந்தேகம் விழும். பாயிண்டை மட்டும் மாற்றிவிட்டு அதே கண்டென்சரை விட்டுவைத்தால் புதிய பாயிண்டும் சீக்கிரமே கருகும்.

பொறி சரியாக இருந்தால் சோதனை பிளக்கை எடுத்துவிட்டு, ஒயரைப் பழையபடி மாட்டி, சாவியையும் அணைத்துவிட்டு, ஏர் ஃபில்டர் மூடியைத் திறந்து கார்புரேட்டர் வாய்க்குள் பாருங்கள். கையால் ஆக்ஸிலேட்டர் கம்பியை ஒரு முறை இழுத்தால் உள்ளே பெட்ரோல் பீச்ச வேண்டும். பீச்சவில்லையென்றால் கார்புரேட்டர் வற்றிக் கிடக்கிறது. பம்ப், ஃபில்டர், குழாய், டாங்க் என்று பின்னோக்கித் தேடிப் போகலாம். (பக்கத்தில் யாரும் பீடி பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கார் நின்றால் ஆலோசனை சொல்லக் கூட்டம் கூடும் ஊர் இது.)

டாங்க் என்றதும் செம்பூர் நண்பர் ஒருவரின் பத்மினி ஞாபகம் வருகிறது. கிளம்பி முக்கால் மணி நேரம் ஓடியபின் இருமிக்கொண்டு நிற்கும்; சற்று நேரத்தில் சரியாகும். ஆவிக் கோளாறு என்று முடிவு கட்டி, பம்பை மாற்றி, குழாய்க்கு அஸ்பெஸ்டாஸ் கயிறு கூடச் சுற்றியாகிவிட்டது. ஆனால் டிசம்பர் மாத இரவிலும் அது நின்றது! அதனால் சூடு காரணமாக இருக்க முடியாது என்று தோன்றியது. அடுத்த முறை நின்றதும் பெட்ரோல் டாங்க் மூடியை மட்டும் திறந்து பார்க்கச் சொன்னேன். 'புஸ்' என்று காற்று உள்ளே இழுத்தது, வண்டி கிளம்பிவிட்டது. பழைய மூடி தொலைந்து, கடையில் கிடைத்த வேறு மூடியைப் போட்டிருந்தார். அதில் காற்றுத் துளை இல்லை. பெட்ரோல் குறையக் குறைய டாங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பம்பால் இழுக்க முடியாமல் போயிருக்கிறது. அத்தனை செலவுக்குப் பின் ஒரு சின்னத் துளை போதுமானதாக இருந்தது.

சிக்னலில் மட்டும் நிற்கும் வண்டியின் கதை வேறு. காலை எடுத்தால் அணைகிறது, மிதித்தால் ஓடுகிறது என்றால் ஐட்லிங் திருகு, அடைத்துக்கொண்ட ஸ்லோ ஜெட், அல்லது கார்புரேட்டர் அடியில் உள்ள கியாஸ்கெட் வழியாகக் காற்று புகுவது காரணமாக இருக்கும். 'ஸ்ஸ்' என்ற சத்தம் கேட்டால் காற்றுதான். ஆடி மழையில் மட்டும் நின்றால் டிஸ்ட்ரிப்யூட்டர் மூடியைக் கழற்றி உள்ளும் புறமும் உலர்ந்த துணியால் துடையுங்கள். மயிரிழை விரிசல் இருந்தால் அதில் ஈரம் இறங்கிப் பொறி வழி மாறிப் போகும். பள்ளத்தில் குதிக்கும்போதெல்லாம் நின்றால் பாட்டரி முனை, காயில் ஒயர், சாவி சுவிட்ச் இவற்றில் ஏதோ தளர்ந்திருக்கிறது. வீட்டுச் சாவி, பீரோ சாவி, வெண்கலப் பிள்ளையார் எல்லாம் கோத்த கொத்தைக் கார்ச் சாவியில் தொங்கவிடுவது நம்மவர் வழக்கம். தேய்ந்துபோன சுவிட்ச் அந்தப் பாரத்தைத் தாங்காது.

இப்போது கிடைக்கும் பெட்ரோலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023-லிருந்து பங்குகளுக்கு வரத் தொடங்கியது. பத்மினியின் ரப்பர் குழாய்களும் பம்ப் டயாஃப்ரமும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. எத்தனால் பட்டு அவை ஊதும், மிருதுவாகும். டாங்கின் அடியில் பல வருஷமாகப் படிந்த அழுக்கையும் அது கிளப்பிவிடும். காற்றிலிருந்து ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். மாதக் கணக்கில் மூடி வைத்துவிட்டு எடுக்கும் வண்டியில் ஃபில்டரையும் குழாயையும் முதலில் பார்ப்பது நல்லது. குழாய் கசிந்தால் நிற்பது மட்டுமல்ல, தீப்பிடிக்கவும் கூடும்.

சமவெளியில் நிற்பது தொல்லை. போர் காட்டில், குழந்தைகளும் பெரியவர்களும் உள்ளே இருக்க, பின்னால் லாரி வரும்போது நிற்பது ஆபத்து. எஞ்சின் அணைந்ததும் கிளட்சை மிதித்து, இருக்கும் வேகத்திலேயே இடது ஓரம் ஒதுங்குங்கள். பிரேக் பூஸ்டர் உள்ள வண்டியில் ஓரிரண்டு மிதிக்குப் பின் பெடல் கல்லாகிவிடும். அதனால் விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்திப் பிடியுங்கள். நின்றதும் எல்லோரையும் இறக்கி, தடுப்புக்கு வெளியே நிற்கச் சொல்லுங்கள். ரயில்வே கேட்டின் நடுவே நின்றுவிட்டால், முதலில் எல்லோரையும் இறக்கிவிட்டு, முதல் கியரில் போட்டு, கிளட்சிலிருந்து காலை எடுத்து, ஸ்டார்ட்டரை விட்டு விட்டு இழுங்கள். எஞ்சின் ஓடாவிட்டாலும் பாட்டரி பலத்திலேயே பழைய வண்டி சில அடி நகர்ந்துவிடும்.

2000-ஐ ஒட்டி வந்த எம்.பி.எஃப்.ஐ. மாருதிகளில் கார்புரேட்டரும் பாயிண்டும் கிடையாது. அங்கே சென்சார்களும் டாங்குக்குள் இருக்கும் பம்பும்தான் வேலை செய்கின்றன. மேலே சொன்ன பொறிச் சோதனையை அவற்றில் செய்யாதீர்கள், கம்ப்யூட்டர் கெட்டுவிடும். அந்த வண்டிகளுக்கு எஞ்சின் விளக்கு எரிகிறதா என்று பார்த்து, ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் காட்ட வேண்டும். ஆனால் அவரும் முதலில் கேட்கப் போவது அதே கேள்விதான். ஆகவே டாஷ்போர்டில் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் போட்டு வையுங்கள். தேதி, கிளம்பி எத்தனை நிமிஷம், வெயிலா மழையா, ஏற்றமா, டாங்கில் எவ்வளவு பெட்ரோல், இருமி நின்றதா சட்டென்று நின்றதா, எத்தனை நேரம் கழித்துக் கிளம்பியது: மூன்று முறை எழுதினாலே போதும். மெக்கானிக்கிடம் "பந்த் ஹோ ஜாதீ ஹை" என்று மட்டும் சொல்லாமல், "கரம் ஹோனே கே பாத் பந்த் ஹோதீ ஹை, டண்டா ஹோனே பர் சாலூ" என்று சொல்லிப் பாருங்கள். அவர் கை கார்புரேட்டருக்குப் போகாமல் காயில் பக்கம் போகும்.