துவர்ப்பின் பிடி

பால் ஊற்றாத டீயை ஒரு வாய் குடித்துப் பாருங்கள். நாக்கை இழுத்துப் பிடிக்கிறதல்லவா? டீயிலுள்ள டானின், எச்சிலை வழுவழுப்பாக வைத்திருக்கும் புரதங்களைப் பற்றித் திரட்டிவிடுகிறது. நாக்கும் அண்ணமும் உரசத் தொடங்குகின்றன. பால் ஊற்றினால் டானினில் ஒரு பங்கு பாலின் கேசீன் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். துவர்ப்பு தணிந்துவிடும்.

பெங்களூரின் டேனரி ரோடுக்குப் பெயர் வந்ததும் இந்தப் பிடியால்தான். அங்கே இருந்தவை தோல் பதனிடும் கூடங்கள். தோல் பெரும்பாலும் கொலாஜன் என்ற புரதம். நனைந்த பச்சைத் தோல் 60, 65 டிகிரி செல்சியஸ் சூட்டிலேயே சுருங்கிவிடும். சும்மா விட்டால் அழுகும். டானின் மூலக்கூறு கொலாஜன் இழைகளைப் பல இடங்களில் ஒரே சமயத்தில் பற்றி, நெருக்கமாகத் தையல் போட்டதுபோல் பிணைக்கிறது. பிறகு அந்தத் தோல் 75, 80 டிகிரி வரை தாங்கும், கிருமிகளாலும் எளிதில் அரிக்க முடியாது.

தென்னிந்தியாவில் இதற்குக் கைகொடுத்தது ஆவாரம்பட்டை. ஓசூர்ப் பக்கத் தரிசுகளில் மஞ்சளாகப் பூத்து நிற்குமே, அதே செடிதான். அந்தப் பட்டையில் மட்டும் பதனிட்ட தோல் வெளிச்சம் பட்டால் சிவந்துவிடும். அதனால் கடைசியில் கடுக்காய்ச் சாற்றில் ஊறவைப்பார்கள். இரண்டிலும் இருப்பது டானின்தான், ஆனால் இனம் வேறு. கடுக்காய் டானின் நீராற்பகுப்பில் சர்க்கரையாகவும், காலிக், எலாஜிக் போன்ற அமிலங்களாகவும் உடையும். ஆவாரம்பட்டை டானின் உடையாமல் செந்நிறப் பொருளாகத் திரளும். வேதியியல் ஏடுகளைப் புரட்டாமலே இந்த வேறுபாட்டைக் கையாண்ட தொழிலாளிகளை நினைத்தால் எனக்குப் பெரும் மரியாதை வருகிறது.

பிறகு தோல் பதனிட டானினுக்குப் பதிலாகக் குரோமியம் வந்தது. 1900களின் தொடக்கத்தில் சென்னையில் அந்த முறையை வளர்த்த ஆல்ஃபிரட் சாட்டர்டன், பின்னாளில் மைசூர் சமஸ்தானத்தின் தொழில்துறை இயக்குநரானார். வாரக்கணக்கில் நடந்த வேலை ஓரிரு நாளில் முடிந்தது. அந்த வேகத்துக்குத் தோல் ஆலைக் கழிவால் பாலாற்றங்கரை கொடுத்த விலை மிக அதிகம்.

இலையும் பட்டையும் டானினைச் சேர்த்து வைப்பது நமக்காக அல்ல, தின்ன வரும் பூச்சிக்கும் விலங்குக்கும் எதிராக. டானின் இரும்பையும் விடாது. கடுக்காய்ச் சாற்றில் அன்னபேதி என்ற இரும்பு உப்பைச் சேர்த்தால் கறுப்பு மை கிடைப்பது அதனால்தான். நம் வயிற்றிலும் கீரை, பருப்பிலுள்ள இரும்பை டீயின் டானின் பிடித்துக்கொள்ளும். உடம்பில் சேருவது குறையும். ஆகவே சாப்பிட்ட கையோடு டீ வேண்டாம், ஒரு மணி நேரமாவது போகட்டும். இரத்தசோகைக்கு இரும்பு மாத்திரை எடுப்பவர்கள் அதை டீயோடு விழுங்கவே வேண்டாம்.