கேட்பவரைக் கேட்க ஒருவர்

‘மேற்பார்வை’ என்ற சொல் காதில் விழுந்தாலே எங்கட ஆசிரியர் ஓய்வறையில் ஒரு பரபரப்பு வந்துவிடும். பாடக்குறிப்பு எழுதியாயிற்றா, வரவுப் பதிவேடு சரியா என்று ஆளாளுக்குத் தேடத் தொடங்குவோம். மேலிருந்து ஒருவர் வருவார், கீழிருப்பவரின் குறையைக் குறித்துக்கொண்டு போவார். சொல்லின் முதலில் நிற்கும் ‘மேல்’ நமக்கு அப்படித்தான் பழகிப்போயிருக்கிறது.

கோச்சிங் துறையில் இதே சொல்லுக்குப் பொருள் வேறு. இங்கே நான் சொல்வது விளையாட்டுப் பயிற்சியை அல்ல. ஓர் அதிபரோ முகாமையாளரோ ஒருவரோடு உட்கார்ந்து பேசி, தன் தொழில் வழியைத் தானே தெளிந்துகொள்ளும் முறையை. அப்படிப் பேச்சுக் கொடுப்பவர், தன் வேலையைக் குறித்த கால இடைவெளியில் அனுபவமுள்ள இன்னொருவரிடம் கொண்டுபோய்த் திரும்பிப் பார்ப்பதே அங்கே மேற்பார்வை. புள்ளி போடுவது அல்ல, கூட இருந்து பார்ப்பது.

இந்தப் பழக்கம் உளச்சிகிச்சையிலிருந்தும் சமூகப் பணியிலிருந்தும் வந்தது. 1920களில் பேர்லின் உளப்பகுப்பாய்வு நிலையத்தில், பயிலுநர் தான் பார்க்கும் நோயாளியைப் பற்றி மூத்தவரோடு பேசுவது பயிற்சியின் ஒரு பகுதியாயிற்று. 1950களில் லண்டன் டாவிஸ்டொக் கிளினிக்கில் மைக்கேல் பாலின்ட் குடும்ப வைத்தியர்களைச் சிறு குழுவாக இருத்தி, தங்கள் நோயாளிகளைப் பற்றிப் பேச வைத்தார். மருந்தைப் பற்றி மட்டுமல்ல, அந்த நோயாளி வைத்தியரின் மனதில் எதைக் கிளறிவிட்டார் என்பதையும் பேசினார்கள்.

பிரிஜிட் ப்ரொக்டர் மேற்பார்வையின் வேலையை மூன்றாக வகுத்தார். ஒன்று, திறனை வளர்ப்பது. இரண்டு, ஒழுக்க எல்லையைக் காப்பது. மூன்று, களைத்த மனதைத் தேற்றுவது. நமது பாடசாலைகளில் இரண்டாவது தாராளமாக நடக்கிறது. முதலாவது இடைக்கிடை நடக்கும். மூன்றாவதைக் காண்பதே அரிது.

எல்லை என்றால் என்ன? ஒரு கம்பனி தன் ஊழியருக்காகக் கோச்சுக்குப் பணம் கட்டுகிறது. பிறகு மேலதிகாரி, “அவர் உங்கக்கிட்ட என்ன சொன்னார்?” என்று கேட்கிறார். என்ன பதில் சொல்வது? இன்னொருவர், “ராவுல தூக்கமே இல்ல, எதிலயும் பிடிப்பில்ல” என்கிறார். அது சோம்பலா, மனச்சோர்வா? எந்த இடத்தில் வைத்தியரிடம் அனுப்ப வேண்டும்? தனியாக இருந்து முடிவெடுத்தால் சறுக்கலாம். சறுக்கினால் அடிபடுவது எதிரே இருப்பவர்.

1955இல் ஹரோல்ட் சேர்ல்ஸ் ஒரு நுட்பத்தைக் கவனித்தார். நோயாளிக்கும் சிகிச்சையாளருக்கும் இடையில் நடப்பது, சிகிச்சையாளருக்கும் மேற்பார்வையாளருக்கும் இடையிலும் தலைகாட்டும். எதற்கும் பொறுமையில்லாத ஒருவரோடு பேசிவிட்டு வரும் கோச், மேற்பார்வையாளரிடமும் “சுருக்கா ஒரு வழி சொல்லுங்க” என்று அவசரப்படுவார். அதைச் சுட்டிக்காட்ட வெளியிலிருந்து ஒரு கண் வேண்டும். தன் முதுகு தனக்குத் தெரியாது.

ஆகவேதான் ஐரோப்பிய மென்டரிங், கோச்சிங் பேரவை, 35 மணித்தியாலப் பணிக்கு ஒரு மணித்தியாலம், காலாண்டுக்குக் குறைந்தது ஒரு மணித்தியாலம் மேற்பார்வை பெற வேண்டும் என்கிறது. பிரித்தானிய உளவளத்துணை, உளச்சிகிச்சைச் சங்கம் தன் அங்கீகாரம் பெற்ற உறுப்பினரிடம் மாதத்துக்கு ஒன்றரை மணித்தியாலம் எதிர்பார்க்கிறது.

“கேட்டது அமானிதமாச்சே, இன்னொருத்தருக்கிட்ட எப்படிச் சொல்ற?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. முதல் நாளே, “உங்கட பேர் சொல்லாம என்ட வேலையைப் பற்றி ஒருவரோடு பேசுவேன்” என்று அறிவித்துச் சம்மதம் பெறுவதுதான் முறை. ஆளை அடையாளம் காட்டும் விபரங்களும் அங்கே போகா. மேற்பார்வையாளரும் அதே இரகசியத்துக்குக் கட்டுப்பட்டவர்.

இதை ஏன் நமக்குச் சொல்கிறேன்? நமது பாடசாலைகளில் உளவளத்துணை ஆசிரியர்கள் இருக்கிறார்கள். வாப்பா வெளிநாட்டில், உம்மா தனிமையில், பிள்ளை வகுப்பில் வாய் திறப்பதில்லை. அந்தப் பிள்ளை ஒருநாள் பேசினால், கேட்ட டீச்சர் அதைச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போய்ச் சோறாக்குகிறார். அவரைக் கேட்க யாருமில்லை.

பெரிய செலவு தேவையில்லை. அயல் பாடசாலைகளின் நாலைந்து பேர், பயிற்சி பெற்ற உளவளத்துணையாளர் ஒருவரோடு மாதம் ஒருமுறை இரண்டு மணித்தியாலம் கூடினால் போதும். பெயர் சொல்லக்கூடாது, அறிக்கை எழுதக்கூடாது, பதவியில் மேலானவர் அங்கே இருக்கக்கூடாது. பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் கூட்டத்துக்குக் காத்திருக்கக்கூடாது. அன்றே சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்தை அழைக்க வேண்டும். மற்றைய பாரங்களை இறக்கிவைக்க அந்த இரண்டு மணித்தியாலம் இருக்கட்டும்.