எச்சில் சொல்லும் சேதி: பாக்கு போடும் சகோதரிகளுக்கு



போன மாதம் குழுக் கூட்டம் முடிந்து டீயும் மிக்சரும் கொடுத்தோம். ஒரு அக்கா மட்டும் வேண்டாம் என்று தள்ளி வைத்தார். "காரம் பட்டா வாயெல்லாம் எரியுது. இட்லியைக்கூட விண்டு விண்டுதான் உள்ள தள்றேன். உடம்புச் சூடுன்னு மோர் குடிச்சிப் பார்த்தேன், கேக்கல" என்றார். அவர் தார் சுற்றும்போதெல்லாம் வாயில் பாக்கு இருக்கும். தூக்கம் வராமல் இருக்கவும் பசி தெரியாமல் இருக்கவும் போட்ட பழக்கம். நம்மில் பலருக்கும் இது உண்டு. அதனால்தான் இந்த மாதம் இதைப் பற்றி எழுதுகிறோம்.

இது என்ன நோய்?

இது உடம்புச் சூடு இல்லை. வாயின் உள்தோலுக்கு அடியில் நார் வளர்ந்து இறுகிப் போகும் நோய். 1952-ல் ஷ்வார்ட்ஸ் என்ற மருத்துவர் இதை முதன்முதலில் எழுதி வைத்தார். ஆப்பிரிக்காவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களிடம்தான் அவர் இதைக் கண்டார்.

பாக்கில் அரிகோலின் என்ற பொருளும் செம்புச் சத்தும் இருக்கின்றன. அரிகோலின் நாரை அதிகமாக வளரத் தூண்டுகிறது. செம்பு அந்த நார்களை ஒன்றோடொன்று பிணைக்க உதவுகிறது. கஞ்சி போட்ட பாவு விறைத்து நிற்பதைப் பார்த்திருக்கிறோம் அல்லவா? கன்னத்தின் உள்பக்கமும் அப்படித்தான் விறைத்துப் போகும். பாவுக் கஞ்சி அலசினால் போய்விடும், இது அப்படிப் போகாது.

எச்சிலில் என்ன தெரியும்?

வாயில் புண்ணும் எரிச்சலும் நாள்பட இருந்தால் உள்தோலின் நுண்ணறைகள் உடையும். உள்ளே இருக்க வேண்டிய எல்.டி.எச். என்ற நொதி எச்சிலில் கசியும். நுண்ணறையின் கொழுப்பு கெட்டால் எம்.டி.ஏ. என்ற கழிவும் சேரும். இந்த நோய் உள்ளவர்களின் எச்சிலில் இவை இரண்டும் கூடுதலாக இருப்பதை நம் நாட்டுப் பல் மருத்துவ ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. ஊசி குத்தாமல், ரத்தம் எடுக்காமல், சிகிச்சை வேலை செய்கிறதா என்று இவற்றை வைத்துக் கண்டுபிடிக்க ஆராய்ச்சியாளர்கள் முயல்கிறார்கள்.

ஆனால் எச்சில் சோதனை மட்டும் செய்து நோயை முடிவு செய்வதில்லை. மருத்துவர் கண்ணால் பார்த்து, விரலால் தடவி, வாய் எவ்வளவு திறக்கிறது என்று அளந்துதான் சொல்கிறார். சந்தேகம் இருந்தால் சிறு சதை எடுத்துப் பார்ப்பார்.

வீட்டிலேயே பார்க்கலாம்

உங்கள் மூன்று விரல்களை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து வாய்க்குள் நுழையுங்கள். நுழையவில்லை, காரம் எரிகிறது, கன்னத்தின் உள்பக்கம் வெளுத்து நார் நாராகத் தட்டுப்படுகிறது என்றால் உடனே அரசு மருத்துவமனைப் பல் பிரிவுக்குப் போங்கள்.

ஏன் அவசரம்?

கேரளத்தில் எர்ணாகுளம் பகுதியில் இந்த நோய் உள்ள 66 பேரை 17 ஆண்டுகள் வரை கவனித்தார்கள். அவர்களில் 5 பேருக்குப் புற்றுநோய் வந்தது. "புகையிலை போடுறதில்ல, வெறும் பாக்குதானே" என்று சொல்வோம். வெறும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. நம் ஊர் மகன் அறிஞர் அண்ணாவை 1969 பிப்ரவரி 3 அன்று புற்றுநோய்க்குப் பறிகொடுத்தோம். அவர் நினைவாக நிற்கும் அரசு புற்றுநோய் மருத்துவமனை நம் காரப்பேட்டையிலேயே இருக்கிறது.

சிகிச்சை என்ன?

முதல் மருந்து பாக்கை நிறுத்துவது. அது இல்லாமல் மற்றது எதுவும் பலிக்காது. பிறகு மருத்துவர் தக்காளிச் சிவப்பில் உள்ள லைக்கோபீன் போன்ற மாத்திரை கொடுப்பார். தேவைப்பட்டால் கன்னத்தில் ஊசி போடுவார். வாயைத் திறக்கும் பயிற்சி தினமும் செய்ய வேண்டும். மிகவும் இறுகிவிட்டால் அறுவை சிகிச்சைதான். இறுகிய நார் முழுவதும் பழையபடி ஆகாது. அதனால் சீக்கிரம் போனால்தான் லாபம். கீரையும் பழமும் நல்லதுதான், ஆனால் அவை மருந்துக்கு ஈடாகாது.

அந்த அக்காவோடு இரண்டு உறுப்பினர்கள் துணைக்குப் போனார்கள். இப்போது பாக்கை விட்டிருக்கிறார். எரிச்சல் குறைந்திருக்கிறது. வாய் இன்னும் இரண்டு விரல் அளவுக்குத்தான் திறக்கிறது. "அஞ்சு வருஷம் முன்னாடி யாராவது சொல்லியிருந்தா..." என்றார்.

நாம் இன்றே சொல்வோம். தாம்பூலத் தட்டில் பாக்கு இருக்கட்டும், அது மரியாதை. வாயில் வேண்டாம். புகையிலையும் சேர்த்துப் போடுகிறவர்கள் அதை விட 1800-11-2356 என்ற இலவச எண்ணில் பேசலாம். அடுத்த கூட்டத்தில் சேமிப்பு எழுதி முடித்ததும் எல்லோரும் மூன்று விரல் வைத்துப் பார்ப்போம். நுழையாதவர் பெயரைத் தீர்மான நோட்டில் எழுத வேண்டாம். கூடப் போக ஒருவரை மட்டும் முடிவு செய்வோம்.