உங்களுக்குத் தெரியுமா? அம்புக்கு வேகம் மட்டும் போதாது

கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் வீழ்த்தியதாக வன்பரணர் புறநானூறு 152இல் பாடுகிறார். எத்தனை வேகம் என்று வியக்கிறோம், எடையைக் கேட்பதில்லை. 30 கிராம் அம்பு வினாடிக்கு 50 மீட்டர் பாய்ந்தால் ஆற்றல் 37.5 ஜூல். அதை எய்த அதே வில்லில் கனமான அம்பைத் தொடுத்தால், இரு ஒளியுணரிகளைக் கடக்கும் நேரத்தை அளக்கும் கருவி குறைந்த வேகத்தையே காட்டும். ஆனால் வில்லின் கைகளோடு வீணாகும் பங்கு குறைந்து, அம்புக்குக் கூடுதல் ஆற்றல் சேரும். வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்காகுமே என்பார்கள். உண்மைதான், என்றாலும் இழுத்த வில்லில் சேர்ந்ததற்கு மேல் எந்த அம்பும் கொண்டுபோகாது. எனவே வேகத்தைக் குறிக்கும்போது அம்பின் எடையையும் நாணை இழுத்த நீளத்தையும் சேர்த்தே எழுதுங்கள்.