பயிற்சி முடிந்து 50 ஆண்டுக்குப் பிறகு வரும் நோய்: அமெரிக்க முன்னாள் படைவீரர்களின் ஆஸ்பெஸ்டாஸ் சிக்கல் என்ன?

பத்தொன்பது வயதில் ராணுவப் பயிற்சிக்குப் போனவர் அவர். போர்முனையைப் பார்த்ததே இல்லை. இப்போது எழுபதைத் தாண்டிவிட்டார், நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. "ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிற இடத்துல எப்பவாவது இருந்திருக்கீங்களா?" என்று டாக்டர் கேட்கிறார். அமெரிக்காவில் இந்தக் கேள்வியை எதிர்கொள்ளும் முன்னாள் படைவீரர்கள் பலர். 'ஆமா' என்று சொல்லிவிடலாம். அதை நிரூபிப்பதுதான் கஷ்டம்.

முகாமுக்குள் ஆஸ்பெஸ்டாஸ் எப்படி வந்தது?

ஆஸ்பெஸ்டாஸ் என்றதும் நமக்குக் கூரை ஷீட்தான் ஞாபகம் வரும். உண்மையில் அது மண்ணிலிருந்து தோண்டி எடுக்கப்படும் நார் போன்ற கனிமம். தமிழில் கல்நார். தீப்பிடிக்காது, சூட்டைத் தாங்கும், விலையும் மலிவு. இரண்டாம் உலகப் போரின்போது அவசர அவசரமாக எழுந்த அமெரிக்க முகாம்களில் பாய்லர், நீராவிக் குழாய் உறை, தரை ஓடு, கூரை என எல்லாவற்றிலும் இது கலந்திருந்தது. போர் முடிந்த பிறகும் அதே கட்டடங்களில் பல பத்தாண்டுகள் வீரர்கள் தங்கிப் பயிற்சி பெற்றார்கள்.

கலிஃபோர்னியாவின் ஃபோர்ட் ஆர்ட் ஓர் உதாரணம். இந்தத் தளம் 1994-ல் மூடப்பட்டது. பழைய கட்டடங்களில் ஆஸ்பெஸ்டாஸும் ஈயம் கலந்த பெயின்ட்டும் இருந்ததால், அவற்றைப் பாதுகாப்பாக இடிக்கும் வேலை பல ஆண்டுகள் இழுத்தது.

தங்கியிருந்தாலே நோய் வருமா?

அப்படி இல்லை. உடையாமல், சிதையாமல் இருக்கும் ஆஸ்பெஸ்டாஸால் ஆபத்து குறைவு. உடைக்கும்போது, அறுக்கும்போது, தேய்க்கும்போது கண்ணுக்குத் தெரியாத நார்கள் காற்றில் கலக்கின்றன. அவை நுரையீரலுக்குள் போனால் பல அங்கேயே தங்கிவிடும். எவ்வளவு தூசு, எத்தனை நாள் என்பதைப் பொறுத்து ஆபத்து கூடும். பாய்லர் அறையில் வேலை செய்தவர்கள், குழாய் பழுது பார்த்தவர்கள், கப்பல் கட்டும் தளங்களில் இருந்தவர்கள்தான் அதிகம் பாதிக்கப்பட்டவர்கள்.

நுரையீரல் தழும்பேறி இறுகும் ஆஸ்பெஸ்டோசிஸ், நுரையீரல் புற்றுநோய், நுரையீரலைச் சுற்றிய சவ்வில் வரும் மீசோதீலியோமா ஆகியவை முக்கிய நோய்கள். மீசோதீலியோமா வெளிப்பட 20 முதல் 50 ஆண்டுகள்கூட ஆகலாம். புகைப்பழக்கமும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் அபாயம் பல மடங்காகும்.

சரி, வழக்கு போடலாமே?

ராணுவத்தின் மீது போட முடியாது. பணியின்போது ஏற்பட்ட பாதிப்புக்காக அரசிடம் நஷ்டஈடு கேட்டு வீரர்கள் வழக்குத் தொடர முடியாது என்று 1950-ல் ஃபெரெஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எனவே இரண்டு வழிகள்தான். ஒன்று, ஆஸ்பெஸ்டாஸ் பொருட்களைத் தயாரித்த நிறுவனங்களிடம் இழப்பீடு கேட்பது. திவாலான நிறுவனங்கள் பலவற்றுக்கு இதற்கென்றே அறக்கட்டளை நிதிகள் உள்ளன. இன்னொன்று, முன்னாள் படைவீரர் நலத்துறையிடம் உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பது.

நலத்துறை மூன்று விஷயங்களைப் பார்க்கிறது: இப்போது நோய் இருக்கிறதா, பணிக்காலத்தில் ஆஸ்பெஸ்டாஸ் பாதிப்பு இருந்ததா, இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று மருத்துவர் சொல்கிறாரா.

இரண்டாவதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ராணுவத்தில் என்ன வேலை பார்த்தார் என்பதை வைத்துத்தான் பாதிப்புக்கான வாய்ப்பு கணிக்கப்படுகிறது. கடற்படை பாய்லர் ஊழியருக்கு வாய்ப்பு மிக அதிகம் என்று கணக்கு. பயிற்சி முகாமில் தங்கிய சாதாரண காலாட்படை வீரருக்கு அப்படி இல்லை. 2022-ல் வந்த 'பேக்ட்' சட்டம், போர்க்களக் குப்பை எரிகுழிகளின் புகையால் வரும் பல நோய்களுக்குப் பணியே காரணம் என்று ஏற்றுக்கொண்டது. பழைய முகாம்களின் ஆஸ்பெஸ்டாஸுக்கு அந்தச் சலுகை கிடையாது.

ஆவணமே எரிந்துபோனால்?

1973 ஜூலையில் செயின்ட் லூயிஸில் உள்ள தேசியப் பணியாளர் ஆவண மையத்தில் தீப்பிடித்தது. 1.6 கோடி முதல் 1.8 கோடி வரையிலான கோப்புகள் அழிந்தன. 1912 முதல் 1960 வரை ராணுவத்திலிருந்து விடுபட்டவர்களின் கோப்புகளில் சுமார் 80 சதவீதம் போய்விட்டது. இன்று உயிரோடு இருக்கும் மிக மூத்த வீரர்கள் பலரின் கோப்புகளும் இதில் அடக்கம்.

ஆனா, வழி அடைபட்டுவிடவில்லை. கூடப் பணியாற்றியவர்களின் எழுத்துபூர்வ வாக்குமூலம், பழைய கடிதம், பணி உத்தரவு, அந்தக் கட்டடத்தைப் பற்றிய ஆய்வறிக்கை ஆகியவற்றையும் ஆதாரமாகக் கொடுக்கலாம். இரு பக்க ஆதாரமும் சமமாக இருந்தால் சந்தேகத்தின் பலன் வீரருக்கே என்கிறது அமெரிக்கச் சட்டம்.

அமெரிக்காவில் கடைசியாகப் பயன்பாட்டில் இருந்த வெள்ளை ஆஸ்பெஸ்டாஸுக்கு 2024 மார்ச்சில்தான் தடை உத்தரவு வந்தது. பழைய முகாம்களில் இருந்தவர்களுக்கு அது காலம் கடந்த செய்தி. கூடத் தங்கியவர்களுக்கும் வயதாகிறது, சாட்சிகள் குறைந்துகொண்டே வருகிறார்கள். எந்த முகாம், எந்த ஆண்டு, என்ன வேலை என்பதை ஞாபகம் இருக்கும்போதே எழுதிவைத்து, டாக்டரிடமும் சொல்லிவிடுவது நல்லது. நோய் உறுதியான பிறகு தேட ஆரம்பித்தால், சாட்சி சொல்ல ஆள் இல்லாமல் போகலாம்.